மாப்பிள்ளை கழற்றிய கம்பி

கதை எழுதுவதற்குத் தகுதி என்று ஒன்று உண்டென்றால், அது என்னிடம் இருப்பதாக நான் கருதவில்லை. இலக்கணம் முறையாகப் பயின்றிருக்கிறேன். கட்டுரைகள் எழுதி ஆசிரியர்களிடம் மதிப்பெண் பெற்றிருக்கிறேன். கதை என்று எழுதுவது இதுவே முதல் முறை. பெரியவர்கள் எத்தனையோ உயர்ந்த பொருள்களைப் பாடியும் எழுதியும் வைத்திருக்கும் மொழியில், ஒரு காரின் பேட்டரி இறங்கிப்போன செய்தியைச் சொல்லத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் மன்னித்தருள வேண்டும். இடையில் சலிப்புத் தோன்றினால் நிறுத்திவிடலாம். நான் வருந்த மாட்டேன்.

சரிவான தெரு ஒன்றின் மேட்டுப் பக்கத்தில் இருந்த வீட்டில் மூவர் வாழ்ந்தனர்: கண் மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு பெண்மணி, அவருடைய கணவர், அப்பெண்மணியின் தாயார். கணவருக்கு முறைப்படி ஒரு பெயர் உண்டு. ஆயினும் மாமியார் அவரை "மாப்பிள்ளை" என்று அழைக்க, அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டாரும் பால் கொண்டுவருபவரும் அவ்வாறே அழைக்கத் தொடங்கினர். கோபம் வரும்போது அவருடைய மனைவியும் அப்படித்தான் அழைத்தார். ஆகவே நாமும் அவரை மாப்பிள்ளை என்றே வழங்குவதில் தவறில்லை.

மாப்பிள்ளை ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். பிறர் கண்ணுக்குப் படாத பிழை அவர் கண்ணில் பட்டுவிடும்; பட்டுவிட்டால் அதைத் திருத்தும்வரை அவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது. மாமியார் தபால் நிலையத்தில் பார்சல் வாங்கும் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். முடிச்சுத் தளர்ந்த பொட்டலம் எதையும் அவர் தம் பணிக்காலத்தில் அப்படியே உள்ளே அனுப்பியதில்லை. கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பவும் அவருக்கு மனம் வராது. வந்தவர் முகம் சுருங்கிவிடக் கூடாதே என்று, அவர் திரும்பிப் போன பிறகு, தாமே அதை இறுக்கிக் கட்டி அனுப்பிவைப்பார்.

இவ்விருவருக்கும் இடையே நிலவிய மரியாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாமியார் நாற்காலியில் அமர்ந்திருந்தால் மாப்பிள்ளை அந்த அறைக்குள் போக மாட்டார். மாப்பிள்ளை அந்தப் பக்கம் வருவது தெரிந்தால் மாமியார் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். இதனால் அந்த நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதைக் கேட்டா ரெண்டு கவர்மெண்ட் லெட்டர் போட்டுக்கிற மாதிரி இருக்கு" என்று மகள் சொல்வதுண்டு.

மாமனார் காலமானபோது ஒரு பழைய காரை விட்டுச் சென்றார். அவர் இருந்தவரை அதன் ஸ்டீரிங்கில் வேறு எவரும் கை வைத்ததில்லை. எங்கே போக வேண்டும் என்றாலும் "யாராவது வர்றீங்களா?" என்று கேட்டே அறுபது வயதை எட்டிவிட்ட மாமியார், துக்கம் ஆறிய பிறகு ஒரு நாள் எவரிடமும் சொல்லாமல் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். உரிமம் தபாலில் வந்தபோதுதான் வீட்டாருக்கே விஷயம் தெரிந்தது. உயரம் போதாமையால் ஓட்டுநர் இருக்கையில் ஒரு மெத்தைத் தலையணையைப் போட்டுக்கொண்டு அவர் காரை வெளியே எடுத்த நாளில், கேட்டைத் திறந்துவிட்ட மாப்பிள்ளை, மாமியாருடைய முகத்தில் அதுவரை தாம் கண்டிராத ஒன்றைக் கண்டார். அந்த முகம் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. காருக்குள் நிலவிய அமைதி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"ரேடியோ வேணும்னு சொல்லல மாப்பிள்ளை. இல்லாட்டியும் ஓட்டத்தானே செய்றேன்" என்றார்.

மாப்பிள்ளை இதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டு, அடுத்த விடுமுறையில் ஒரு ஸ்டீரியோ வாங்கிவந்து தாமே பொருத்தினார். ஆழம் தெரியாமல் காலை விட்டார் என்று சொல்வது நியாயமாகாது. ஸ்டீரியோவோடு வந்த காகிதத்தில் இணைப்புப் படம் இருந்தது. அவர் அதை இரு முறை படித்தார். அதில் இருந்த ஓர் அச்சுப்பிழையையும் கண்டுபிடித்தார். மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் பெறும். ரேடியோ நிலையங்களை நினைவில் வைத்துக்கொள்ள அது வேண்டும். சிவப்புக் கம்பி, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெறும். ஆசாமி கொஞ்சமும் பிசகாமல் அவ்வாறே இணைத்தார். ஸ்டீரியோ பாடியது.

மாமியாருக்கு ஒரு வழக்கம் உண்டு. இரவு உணவுக்குப் பிறகு ஷெட்டில் நிற்கும் காரில் ஏறி, எஞ்சினைக் கிளப்பாமல், கியரை மாற்றி மாற்றிப் பழகிக்கொண்டிருப்பார்.

"சாவியத் திருப்பாமலே பாடினா நல்லதுன்னு சொல்ல வரல" என்றார் மறுநாள். "திருப்பினா என்ன, கை தேஞ்சா போயிடும்? சத்தம் கொஞ்சம் சன்னமா இருக்கு. அதுவும் காதுக்கு நல்லதுதான்."

மாப்பிள்ளை அன்று மாலையே சிவப்புக் கம்பியை மஞ்சளோடு சேர்த்து முறுக்கினார். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரை வைத்து, அதை விழிக்கச் செய்யும் நீலக் கம்பியையும் அதே முடிச்சில் சேர்த்து, டேப் சுற்றினார். இப்போது சாவி இல்லாமலே பாடியது, சத்தமும் கூடியது. "உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்" என்றார் மாமியார். "ஒரு சிரமமும் இல்ல அத்தை" என்றார் மாப்பிள்ளை. இரண்டு அரசாங்கங்களும் திருப்தியடைந்தன.

அந்த வாரமே கார் காலையில் கிளம்ப மறுத்தது. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பினார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் மறுத்தது. பின்பு ஒரு நாள் நான்கு சாலைகள் கூடும் இடத்தில், மாமியார் பதற்றத்தில் எஞ்சினை அணைத்துவிட, அது மீண்டும் உயிர் பெறவில்லை. மழை வேறு. பின்னால் நின்ற பேருந்தின் ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மாமியார் இறங்கிப் போய், "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி" என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றதை, அவ்வழியே போன உறவினர் ஒருவர் பார்த்துவிட்டார். உறவினர்கள் பார்ப்பது எதற்காக? செய்தி அன்றைக்கே வேற்றூரில் இருந்த மகனுக்குப் போய்ச் சேர்ந்தது.

மகன், அதாவது மாப்பிள்ளையின் மைத்துனர், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தார். விபத்தில் அடிபட்ட வண்டிகளைச் சுற்றி வந்து பார்த்து, "இது தேறும்", "இது தேறாது" என்று எழுதிக்கொடுப்பது அவருடைய தொழில். அவர் தொலைபேசியில் சொன்னதைச் சமையலறையில் மூவரும் சேர்ந்து கேட்டனர்.

"நடுரோட்ல நின்னு எவன்கிட்டயோ மன்னிப்புக் கேட்டியாம். இது எதுக்கும்மா உனக்கு? ஞாயித்துக்கிழமை வர்றேன். நான் சாவியத் திருப்புறப்போ வண்டி கிளம்பணும். கிளம்பிச்சுன்னா நீயே வெச்சு ஓட்டிக்கோ, நான் வாயத் திறக்கல. கிளம்பலேன்னா சாயங்காலமே புரோக்கர வரச் சொல்றேன். இதுதான் பேச்சு."

"சரிப்பா" என்றார் மாமியார். பிறகு துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தார்.

மாப்பிள்ளைக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குள் ஓசையைக் கொண்டுவந்தவர் அவர். வண்டி போய்விட்டால், மாமியார் மறுபடியும் "யாராவது வர்றீங்களா?" என்று கேட்கத் தொடங்குவார், அதையும் அவர் மரியாதையாகத்தான் கேட்பார். அதை நினைக்கவே மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

அவர் பிழையைத் தேடலானார். எந்த விளக்காவது அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரி இறங்கும் என்று படித்திருந்தார். கதவு விளக்கு அணைகிறது, கண்ணால் பார்த்தாயிற்று. டிக்கிக்குள் ஒரு சிறு விளக்கு இருந்தது. டிக்கியைத் திறந்தால் எரிகிறது. மூடினால் அணைகிறதா என்பதை மூடிய டிக்கிக்கு வெளியே நின்று எப்படி அறிவது? இது ஒரு நியாயமான ஐயம். எனவே ஒரு பிற்பகலில் அவர் டிக்கிக்குள் படுத்துக்கொண்டு, மனைவியை மூடச் சொன்னார்.

"மூடினதும் உடனே திறந்துடு" என்றார்.

"மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றார் மனைவி. மூடினார். அந்த நேரம் பார்த்து மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது.

விளக்கு அணைந்தது. மாப்பிள்ளை மகிழ்ச்சியடைந்தார். பிறகு நெடுநேரம் அந்த மகிழ்ச்சியிலேயே இருந்தார். தட்டலாம் என்று தோன்றியது. அக்கம்பக்கத்தார் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள் என்றும் தோன்றியது. இறுதியில் டிக்கி திறந்தது. மாமியார் குடையை வைக்க வந்திருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர்.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"ஆச்சு அத்தை. நீங்க?"

"ஆச்சு." குடையை அவருடைய காலடியில் மெல்ல வைத்தார். "மூடட்டுமா, இருக்கட்டுமா?"

"இருக்கட்டும் அத்தை. நானே வந்துடறேன்."

மாமியார் அதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. மனைவிதான் இரவு முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தார்.

அச்சகத்துக்குப் போகும் வழியில் ஒரு பேட்டரிக் கடை இருந்தது. மாப்பிள்ளை அங்கே நின்று தம் குறையைச் சொன்னார். கடைக்காரர் ஒரு பேட்டரியின் மேல் அமர்ந்து, இன்னொரு பேட்டரியின் மேல் டீ கிளாஸை வைத்திருந்தார்.

"எங்கேயோ குடிக்குது சார். எதுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும், வீட்டுக்கு வந்ததும் பேட்டரியோட நெகட்டிவ் கம்பியக் கழட்டி வெச்சிடுங்க. வாசலே இல்லாத வீட்டுக்குள்ள திருடன் எப்படிப் பூருவான்?"

அறிவுக்குப் பொருத்தமான யோசனை. அன்று முதல் மாப்பிள்ளை வேலை முடிந்து வந்ததும் பானட்டைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் கம்பியைத் தளர்த்திக் கழற்றி ஓரமாக வைப்பார். காலையில் மறுபடியும் மாட்டுவார். இதை அவர் மாமியாரிடம் சொல்லவில்லை. சொன்னால், 'உங்கள் ரேடியோவால்தான் இந்தத் தொல்லை' என்று குறிப்பால் உணர்த்துவது போல ஆகிவிடுமே என்று அஞ்சினார். இரவில் ரேடியோ பாடாவிட்டால் அவரே கேட்பார் என்று எதிர்பார்த்தார். அவர் கேட்கவில்லை. கியர் பழகுவதை நிறுத்திவிட்டார் போலும் என்று மாப்பிள்ளை எண்ணிக்கொண்டார்.

காலையில் கம்பி, அவர் வைத்தது வைத்தபடியே கழன்று கிடந்தது. மாட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகியது. அதற்கடுத்த காலை 'டிக்' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றது.

இங்கேதான் பிழை திருத்துபவருடைய அறிவு அவரை வழிதவறச் செய்தது. எதனுடனும் இணைக்கப்படாத பேட்டரி இறங்குகிறது. ஆகவே ஸ்டீரியோ குற்றவாளி அல்ல, கம்பி குற்றவாளி அல்ல, விளக்குகளும் அல்ல. எஞ்சியிருப்பது பேட்டரி ஒன்றுதான். வெளியே போக வழியில்லாதபோது அது தன்னைத்தானே குடிக்கிறது. ஸ்டீரியோவின் மேல் இருந்த ஐயத்தை அவர் மனதார விலக்கிக்கொண்டார். பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிவந்தார்.

புதியது முதல் நாள் காலை துள்ளிக் குதித்துக் கிளம்பியது. மூன்றாம் நாள் 'டிக்' என்றது.

கடைக்காரர் அதைத் தம் கருவியில் வைத்துப் பார்த்தார். "பேட்டரி தங்கம் சார். வயிறுதான் காலி."

"கழட்டித்தான் வெச்சேன்."

"கழட்டி வெச்சா இறங்காது சார்."

"இறங்குதே."

கடைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வீட்ல வேற ஏதாவது பிரச்சனையா சார்?"

சனிக்கிழமை மாலை அதையே முழுவதும் சார்ஜ் ஏற்றி வாங்கிவந்து மாட்டிப் பார்த்தார், கார் கிளம்பியது. பிறகு கம்பியைக் கழற்றினார். அத்துடன் நிற்காமல், பேட்டரியையே தூக்கிவந்து படுக்கையறையில் கண் பார்வையில் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார். மனைவி கதவை மறித்து நின்றார்.

"ஆசிட் நாத்தம். ஒண்ணு அது இந்த ரூம்ல இருக்கும், இல்ல நான் இருப்பேன்."

மாப்பிள்ளை சிறிது யோசித்தார். அப்படி யோசித்ததை மனைவி கவனித்துவிட்டார். பேட்டரி காரிலேயே தங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனர் வந்து சேர்ந்தார். பையைக் கீழே வைத்த கையோடு ஷெட்டுக்குப் போனார். மாப்பிள்ளை முன்கூட்டியே ஓடிப்போய்க் கம்பியை மாட்டி வைத்திருந்தார். மாமியார் கைகளைக் கோத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். அன்று அவர் வெளியே போகும்போது உடுத்தும் சேலையை உடுத்தியிருந்தார்.

மைத்துனர் சாவியைத் திருப்பினார். 'டிக்.'

மறுபடியும் திருப்பினார். இம்முறை அதுவும் இல்லை.

"தேறாது" என்றார்.

"நேத்து சாயங்காலம்தான் மச்சான் ஃபுல் சார்ஜ் ஏத்திக்கிட்டு வந்தேன்" என்றார் மாப்பிள்ளை.

"ஏத்தினது எங்க போச்சு? எந்திரிச்சு வாக்கிங் போயிடுச்சா?"

"கம்பியக் கழட்டித்தான் வெச்சிருந்தேன்."

"கழட்டி வெச்சது எப்படி மாப்பிள்ளை இறங்கும்?"

"அதான் எனக்கும் புரியல."

"புரியாத வேலையில கைய வெப்பானேன்? அந்த ஸ்டீரியோவ மாட்டின நாள்லேர்ந்துதான் இந்தக் கூத்து. அப்பா இருந்தவரைக்கும் ஒரு நாள் நின்னிருக்குமா இந்த வண்டி? நல்லா இருந்ததை நோண்டி நோண்டி…"

"மாப்பிள்ளையச் சொல்லாதே" என்றார் மாமியார். எல்லாரும் திரும்பினர். அவர் மகனைப் பேச்சின் நடுவே நிறுத்தியதை அந்த வீட்டில் எவரும் கேட்டதில்லை. "அவர் மேல என்ன தப்பு? பகல் பூரா கண்ணு பூத்துப் போற மாதிரி வேலை பார்க்கிறார். அந்தக் கம்பி கழண்டு கழண்டு போறதைக் கவனிக்க அவருக்கு ஏது நேரம்? ராத்திரி ரேடியோ பாடலியேன்னு பானட்டைத் திறந்து பார்த்தா அது கழண்டு கிடந்துச்சு. அதுக்குத்தான் தினமும் சாப்பிட்டதும் நானே இறுக்கி வெச்சுட்டுப் படுக்கிறேன்."

மைத்துனர் காரை விட்டு இறங்கினார்.

"அத்தை" என்றார் மாப்பிள்ளை. "காலையில நான் பார்க்கிறப்போ அது கழண்டுதானே கிடந்துச்சு?"

"நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நான்தான் கழட்டிப் பழையபடி வெச்சிடுவேனே."

"ஏன் அத்தை?"

மாமியார் தரையைப் பார்த்தார். "நான் இறுக்கினேன்னு தெரிஞ்சா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு. ஸ்பேனரக் கூட எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சோ அந்தப் பக்கமே பார்த்துத்தான் வெச்சேன்."

மகள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா, அவர் வேணும்னேதாம்மா கழட்டி வெச்சார்."

"எதுக்கு?"

"கரண்ட் இறங்கக் கூடாதுன்னு."

"நானும் அதுக்குத்தானடி இறுக்கினேன். தளர்ந்த குழாய்லதானே தண்ணி சொட்டும்?"

மாப்பிள்ளையின் உள்ளத்தில் ஒரு பெரிய பத்தி முழுவதும் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. பேட்டரி தன்னைத்தானே குடிக்கவில்லை. இரவு முழுவதும் கம்பி இறுக்கமாகத்தான் இருந்திருக்கிறது. அப்படியென்றால் குடித்தது யார்?

"அத்தை, நீங்க காலையில கழட்டப் போறப்போ வண்டியில ஏதாவது எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சா?"

"ஒண்ணும் எரியலியே. ரேடியோவ நான் அணைச்சிடுவேன். வண்டிக்குள்ள என்னோட தலைகாணி மட்டும் கதகதன்னு இருக்கும். குளிருக்கு நீங்கதான் ஏதோ ஏற்பாடு பண்ணியிருக்கீங்கன்னு நெனச்சேன். சொன்னா கூச்சப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

மாப்பிள்ளை கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டார். ஆம்ப்ளிஃபயர் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. ரேடியோ உறங்கிய பின்பும், மஞ்சளோடு முடிந்திருந்த நீலக் கம்பி அதை உறங்க விடவில்லை. அது பாட்டில்லாமல் இரவு முழுவதும் விழித்திருந்திருக்கிறது. முடிச்சைப் பிரித்து நீலக் கம்பியை வெட்ட அவருக்கு ஒரு கொட்டாவி விடும் நேரம்தான் பிடித்தது.

"கண்டுபிடிச்சாச்சு மச்சான்" என்றார். குரலில் சிறிது பெருமை கூட இருந்தது.

"சந்தோஷம். ஆனா வண்டி கிளம்பலியே" என்றார் மைத்துனர். "கண்டுபிடிச்சதுக்கெல்லாம் மார்க் கிடையாது. ஒருத்தர் கழட்டுறது, ஒருத்தர் மாட்டுறது, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறது இல்ல. உங்க ரெண்டு பேரையும் நம்பி ஒரு சைக்கிள கூட விட முடியாது. புரோக்கர் வரட்டும்."

"சரிப்பா. நீ சொன்னா சரி" என்றார் மாமியார். காரின் கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் இருந்த தலையணையை எடுத்து, தட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். மாப்பிள்ளை கையில் வெட்டிய கம்பித்துண்டை வைத்துக்கொண்டு நின்றார். மாமியார் அழுதிருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பிற்பகலில் புரோக்கர் தொலைபேசியில் கேட்டார்: "ஓடுற வண்டிதானே சார்? செத்த வண்டின்னா நான் வரல." மைத்துனர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓடும்" என்றார். சொல்லிவிட்ட பிறகு அதை ஓடச் செய்யும் பொறுப்பு அவருடையதாயிற்று. பக்கத்து வீட்டுக்காரரும் அன்று ஊரில் இல்லை.

"இறக்கத்துல தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்றார். "நானும் மாப்பிள்ளையும் தள்றோம். தங்கச்சிக்கு ஸ்டீரிங் பிடிக்கத் தெரியாது. அம்மா, நீ உக்காரு. செகண்ட் கியர். கிளட்ச அமுக்கிக்கோ. நான் விடுன்னா விடணும். கிளம்பினதும் ஓரமா நிறுத்திடு."

மாமியார் தலையணையோடு வந்தார். அதை அதன் இடத்தில் வைத்து, ஏறி அமர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட் போட்டுக்கொண்டார். காரை ஷெட்டிலிருந்து தெருவுக்குத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தினர். மைத்துனர் பின்னால் போய்த் தோள் கொடுத்து நின்றார். மாமியார் கண்ணாடியை இறக்கி, தாழ்ந்த குரலில் மாப்பிள்ளையை அழைத்தார்.

"கிளம்பினதும் நிறுத்தினா மறுபடி செத்துடாதா மாப்பிள்ளை?"

"நிறுத்தாம ஓட்டினா சார்ஜ் ஏறும் அத்தை."

"எவ்வளவு நேரம் ஓட்டணும்?"

மாப்பிள்ளைக்கு விடை தெரியும். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே போதும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவர் காரின் பின்புறத்தைப் பார்த்தார். மைத்துனர் குனிந்து, கால்களை ஊன்றிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அச்சுக்குப் போகும் தாளில் ஒரு பிழையையும் தெரிந்தே விட்டுவைக்காத மாப்பிள்ளை, இப்போது ஒன்றை விட்டுவைத்தார்.

"எவ்வளவுக்கெவ்வளவு ஓட்டுறீங்களோ, அவ்வளவுக்கவ்வளவு நல்லது அத்தை" என்றார்.

"சரி மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

தள்ளினார்கள். கார் உருண்டது, வேகம் பிடித்தது. "விடு!" என்றார் மைத்துனர். வண்டி ஒரு முறை குலுங்கி, இருமி, கர்ஜித்துக் கிளம்பியது. மைத்துனர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். கார் தெருக்கோடிக்குப் போயிற்று. இடப்பக்க விளக்கு முறையாக மினுக்கியது. பிறகு திருப்பத்தில் மறைந்தது.

"எங்க போறாங்க?" என்றார் மைத்துனர்.

"சார்ஜ் ஏத்த" என்றார் மாப்பிள்ளை.

மூவரும் கேட்டருகில் நின்றனர். பிறகு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தனர். மைத்துனர் தாயாரின் கைத்தொலைபேசிக்கு அழைத்தார். அது சமையலறையில் ஒலித்தது. நிழல் நீண்ட நேரத்தில் புரோக்கர் வந்தார். காலி ஷெட்டைப் பார்த்தார். தரையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார்.

"வண்டி எங்க சார்?"

"சார்ஜ் ஏறப் போயிருக்கு" என்றார் மைத்துனர்.

"எப்ப வரும்?"

"ஏறினதும்."

"ஓடுமா, ஓடாதா? அதைச் சொல்லுங்க."

"ஓடுறதாலதானே இங்க இல்ல" என்றார் மகள்.

புரோக்கர் ஒரு டீ குடித்தார். இன்னொரு டீயும் குடித்தார். இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும், இல்லாத வண்டியைப் பார்க்க யாரும் தம்மைக் கூப்பிட்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மைத்துனர் ஏற வேண்டிய ரயிலும், அவர் கேட்டருகில் உட்கார்ந்திருந்தபோதே போய்விட்டது. அவருக்கு இப்போது கோபத்தைவிடக் கவலையே மிகுந்திருந்தது. "ஏதாவது ஆயிருக்குமோ மாப்பிள்ளை?" என்று கேட்டார். மாப்பிள்ளையும் அதையேதான் அந்நேரமெல்லாம் தம்மைக் கேட்டுக்கொண்டிருந்தார். விட்டுவைத்த அந்த ஒரு பிழை, நேரம் செல்லச் செல்ல அவர் கண்ணெதிரில் பெரிய எழுத்தாக வளர்ந்துகொண்டே வந்தது.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியபோது கார் மேட்டில் ஏறி வந்தது. கேட்டுக்குள் திரும்புகையில் இடப்பக்கம் தூணோடு உரசி நீண்டதோர் ஓசை எழுந்தது. பிறகு ஷெட்டில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"எங்கம்மா போயிட்டே?" என்றார் மைத்துனர்.

"ஸ்டேஷன் பக்கம் போனேன். அப்புறம் ஆத்துப் பாலம். அங்கேர்ந்து நம்ம பழைய போஸ்ட் ஆபீஸ் இருக்கிற தெரு. கூட வேலை பார்த்தவ வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. நிறுத்தினா அணைஞ்சிடுமேன்னு கையை மட்டும் ஆட்டிட்டு வந்துட்டேன். அவ வாயப் பொளந்துட்டு நின்னா. அதுக்காக இன்னொரு தடவை சுத்தி வந்து ஆட்டினேன்." மாமியாரின் தலைமுடி காற்றில் கலைந்திருந்தது. "அணைக்கலாமா மாப்பிள்ளை?"

"அணைங்க அத்தை."

எஞ்சின் நின்றது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

"அண்ணா" என்றார் மகள், "ஞாயித்துக்கிழமை இன்னும் முடியல. நீ சாவியத் திருப்புறப்போ கிளம்பணும்னுதானே சொன்னே? திருப்பு."

மைத்துனர் தங்கையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பின்பு தாயார் இறங்கிய இடத்தில், தலையணையின் மேல், கூரையில் தலை இடிக்க அமர்ந்து, சாவியைத் திருப்பினார். கார் உடனே கிளம்பியது. அவர் அதைச் சிறிது நேரம் ஓட விட்டுக் கேட்டார். தொழில் தெரிந்தவர், நேர்மையானவர்.

"தேறும்" என்றார். சொன்ன சொல்லின்படி அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ரயிலுக்கு அவரை மாமியாரே காரில் கொண்டுபோய் விட்டார். யாராவது வருகிறீர்களா என்று எவரையும் கேட்கவில்லை.

இதில் இழந்தவை: பழைய பேட்டரி ஒன்று; அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது தெரிந்து மாப்பிள்ளை திரும்பக் கேட்கப் போனபோது, உருக்க அனுப்பியாயிற்று என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். காரின் இடப்பக்கக் கண்ணாடி. வாசல் தூணில் ஒரு முழ நீளத்துக்குப் பூச்சு. ஸ்டீரியோ நினைவில் வைத்திருந்த நிலையங்கள் அனைத்தும். மைத்துனர் ஏற வேண்டிய ரயில். புரோக்கருடைய பழக்கம். மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் இடையே இருந்த மரியாதையில் ஏறக்குறையப் பாதி. மறுநாள் மாப்பிள்ளை கண்ணாடியைத் தாமே மாற்றுவதாகச் சொன்னபோது, "வேண்டாம், உங்களுக்கு அது வராது" என்று மாமியார் நாற்காலியை விட்டு எழாமலே சொன்னார். மைத்துனருடைய வலது செருப்பின் வார், தள்ளும்போது அறுந்தது. வேறு ஒன்றும் இல்லை.